சொல்லுக்கு நான்கு வாசல் வைத்த முனிவர்

வீரமாமுனிவரின் வாழ்வும், அவரது ஏடுகளைத் தேடிப் புறப்பட்ட புதுவைத் தமிழரும்

அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மனப்பாடம் செய்யப் புறப்பட்டுப் பாதி வழியில் களைத்துப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதுவையில் அத்தகையவர்கள் சற்று அதிகமாகவே இருந்திருப்பார்கள். வீட்டில் தமிழ், கச்சேரியில் பிரெஞ்சு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நகரம் அது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறிய பிறகு, ஆங்கிலமும் அவசியமாயிற்று. வேலை தேடிய வாலிபர்கள் புதிதாக ஒரு மொழியின் சொற்களைச் சேர்க்க வேண்டியவர்களானார்கள். இன்று காலை கற்ற சொல் நாளை மாலை மறந்துவிடுகிறதே, என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு வந்தது. இன்றும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களை அதே கவலை விடவில்லை.

இந்தக் கவலையை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே அனுபவித்து, அதற்கு ஒரு வழியும் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயர் அல்லர், தமிழரும் அல்லர். இத்தாலி நாட்டில் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் தமிழின் அரிச்சுவடியைத் தொட்டு, பின்னர் தமிழ்ப் புலவர்களுக்கே அகராதி செய்து கொடுத்தவர். கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி என்ற அந்தப் பாதிரியாரைத் தமிழகம் வீரமாமுனிவர் என்று அழைக்கிறது.

முப்பது வயதில் அரிச்சுவடி

1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊரில் பெஸ்கி பிறந்தார். பதினெட்டாம் வயதில், 1698-ல், இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710-ல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, அவ்வாண்டின் பிற்பகுதியில் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து தெற்கே வந்து, 1711-ல் மதுரை மிஷனில் பணி ஏற்றார்.

மதுரை மிஷன் என்பது போர்த்துக்கீசிய மன்னரின் ஆதரவில் நடந்தது. புதுவையை இருப்பிடமாகக் கொண்ட பிரெஞ்சு இயேசு சபையினரின் கர்நாடக மிஷன் வேறு. இரண்டும் ஒரே சபையைச் சேர்ந்தவர்களுடையவை. ஆனால் எல்லைகள் வேறு வேறு. பெஸ்கியின் ஊழியம் பெரும்பாலும் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியிலும், விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்திலும் நடந்தது. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று அழகான தமிழ்ப்பெயர் சூட்டியவர் அவரே. அந்த ஊர்ப் பெயரில் ஒரு கலம்பகமும் பாடினார்.

வந்த புதிதில் அவர் முன் நின்ற மலை, தமிழ்ச் சொற்கள்தாம். இலத்தீனம் அறிந்தவருக்குப் போர்த்துக்கீசியம் பயில்வது பெரிய காரியமல்ல. ஒரு சொல்லின் முகத்தைப் பார்த்தாலே இன்னாருடைய உறவு என்று தெரிந்துவிடும். தமிழில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு சொல்லும் புது முகம். அதிலும் சந்தையில் பேசும் தமிழ் ஒன்று, புலவர் பாடும் தமிழ் ஒன்று. குடியானவனுக்குப் போதனை செய்ய முதலாவது வேண்டும். பண்டிதர்களுடன் வாதம் செய்ய இரண்டாவது வேண்டும். பெஸ்கி இரண்டையும் கற்பது என்று தீர்மானித்தார்.

சுப்ரதீபக் கவிராயர் என்பவரிடம் அவர் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருக்குறளும் சீவக சிந்தாமணியும் கம்பன் காவியமும் அவருக்குத் துணை நின்றன. முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கான்ஸ்டான்டைன் என்பதற்கு உறுதி தளராதவர் என்பது பொருள். பிற்பாடு அது வீரமாமுனிவர் என்று ஆயிற்று.

அந்த உறுதியின் பலன் எழுத்தில் தெரிந்தது. சூசையப்பர் சரிதையைத் தேம்பாவணி என்னும் காவியமாக 36 படலங்களில், 3,615 பாடல்களில் பாடினார். தமிழ் மண்ணில் காலடி வைத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றபோது, 1726 வாக்கில் அது உருவாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730-ல் செய்தார். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று தெரியாமல் ஏட்டைப் படிப்பவர்கள் திண்டாடிய காலம் அது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பது அனுபவம். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தத் திண்டாட்டத்தைத் தீர்த்த பெருமையும் முனிவருக்கே உரியதாகச் சொல்லப்படுகிறது.

நிகண்டு என்னும் பழைய பள்ளிக்கூடம்

முனிவர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் சொற்களை இனம் இனமாகப் பிரித்துப் படித்துவந்தார்கள். அதற்கென ஏற்பட்ட நூல்களே நிகண்டுகள். திவாகரம் 12 தொகுதிகள் கொண்டது. தெய்வங்களின் பெயர்கள் ஒரு தொகுதி. மக்களின் பெயர்கள் ஒன்று. விலங்குகள், மரங்கள், இடங்கள் என்று தனித்தனித் தொகுதிகள். பண்புக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சூடாமணி நிகண்டை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பாட்டாக மனத்தில் தங்கியது வயோதிகம் வரை மறக்காது.

இந்த முறையில் ஒரு குறை மட்டும் இருந்தது. முழு நூலையும் மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அது பயன்படும். ஏட்டில் புதிதாக ஒரு சொல்லைக் கண்டவன், அது மரமா, மிருகமா, குணமா என்று தெரியாமல் எந்தத் தொகுதியில் போய்த் தேடுவான்? 1594-ல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்து, சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கிக் காட்டினார். அது ஒரு பெரிய முன்னேற்றம். ஆனாலும் அதுவும் செய்யுளே. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பிரோயன்சா பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி 1679-ல் மலையாள நாட்டின் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அது பிறநாட்டாருக்காக ஏற்பட்டது. தமிழனுக்குத் தமிழில் பொருள் கூறவில்லை.

தமிழுக்குத் தமிழிலேயே பொருள் தர வேண்டும். செய்யுளை விட்டு உரைநடையில் தர வேண்டும். தேடுகிறவனுக்கு உடனே கிடைக்க வேண்டும். அதே சமயம் இனம் இனமாகப் படிக்கும் நிகண்டின் நலமும் கெடக்கூடாது. இத்தனையையும் ஒரே நூலில் அடக்க வீரமாமுனிவர் எடுத்த முயற்சியே 1732-ல் முடிவுற்ற சதுரகராதி.

நான்கு வாசல்கள்

சதுர் என்றால் நான்கு. நான்கு அகராதிகள் ஒன்று சேர்ந்தது அந்நூல். ஒரு வீட்டுக்கு நான்கு பக்கமும் வாசல் வைத்தாற்போல, சொல்லிடம் போய்ச் சேர நான்கு வழிகளை அவர் அமைத்தார்.

முதல் வாசல் பெயரகராதி. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை இங்கே காணலாம். மா என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மரமாகும், விலங்காகும், பெருமையாகும், திருமகளாகும். சொல் தெரியும், பொருள் தெரியாது என்பவனுக்கு இந்த வாசல்.

இரண்டாவது வாசல் பொருளகராதி. ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்கள் இங்கே. கடல் என்றால் ஆழி, பரவை, முந்நீர், புணரி, வாரி என்று வரிசையாக வந்து நிற்கும். பொருள் மனத்தில் இருக்கிறது, சொல் வாயில் வரவில்லை என்று தவிப்பவனுக்கு இது.

மூன்றாவது வாசல் தொகையகராதி. முக்கனி, ஐந்திணை, அறுசுவை, எண்திசை, நவமணி என்று எண்ணிக்கையால் ஒன்றுசேர்த்து வழங்கப்படும் கூட்டங்கள் இங்கே விரிக்கப்படுகின்றன. ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் ஒரு குடும்பமே கூட வரும்.

நான்காவது வாசல் தொடையகராதி. ஓசையில் ஒத்த சொற்கள் இங்கே கூடுகின்றன. பாட்டுக் கட்டுகிறவனுக்கு எதுகை தேடும் சிரமத்தை இது குறைத்தது.

தாமே முப்பது வயதில் அந்நியராக வந்து, ஒவ்வொரு சொல்லையும் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துக் கற்றவரானபடியால்தான், கற்பவனுக்கு எந்தெந்த இடத்தில் கால் தடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாய்மொழியாகப் பெற்றவனுக்கு இந்தச் சந்தேகங்களே தோன்றா. பிறவியிலேயே கண்ணுள்ளவன் வீட்டில் தூண் இருக்கும் இடத்தை எண்ணி வைப்பதில்லை அல்லவா?

கற்பவர்களை அவர் வெறும் அகராதியோடு விட்டுவிடவில்லை. பரமார்த்த குரு கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் எழுதினார். அசட்டுக் குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கவும் குதிரை வாங்கவும் படும் பாட்டைப் படித்துச் சிரிக்கிறவன், தனக்குத் தெரியாமலே ஆறு, குதிரை, மாடு, சத்திரம், வழிப்பயணம் சம்பந்தமான பேச்சுத் தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொள்கிறான். 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார்.

குலைந்த மிஷன், சிதறிய ஏடுகள்

முனிவரின் கடைசிக் காலம் அமைதியாகக் கழியவில்லை. திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்ட சந்தா சாகிப்பின் ஆதரவு அவருக்கு இருந்தது என்பர். மராட்டியர் படையெடுத்து வந்தபோது சந்தா சாகிப்பின் குடும்பத்தார் புதுவைக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர். 1741-ல் திருச்சி வீழ்ந்தது; சந்தா சாகிப் சிறைப்பட்டார். நாடெங்கும் குழப்பம் மிகுந்த நிலையில் முனிவரும் தெற்கே செல்ல நேர்ந்தது. இறுதியில் அம்பலக்காட்டை அடைந்து, 1747-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி, 66-வது வயதில் காலமானார். பிரோயன்சாவின் அகராதி அச்சேறிய அதே அம்பலக்காடுதான்!

அவர் கண்மூடியபோது தேம்பாவணி ஏட்டில் இருந்தது. சதுரகராதியும் ஏட்டில் இருந்தது. கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. ஆனால் பெரு நூல்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதற்குள் ஐரோப்பாவில் காற்று மாறியது. 1759-ல் போர்த்துக்கல் இயேசு சபையைத் தன் நாடுகளிலிருந்து விரட்டியது. 1773-ல் போப்பாண்டவர் சபையையே கலைத்துவிட்டார். ஏடுகளைப் பாதுகாக்க வேண்டியவர்களே இல்லாமற் போனார்கள். ஊருக்கு ஊர் உபதேசியார் வீட்டுப் பரணிலும் கோவில் பெட்டியிலும் கிடந்த ஓலைகளைச் செல்லும் பூச்சியும் தின்று தீர்த்திருந்தால், தமிழுக்கு நேர்ந்திருக்கும் நஷ்டத்திற்கு ஈடே கிடையாது.

ஏடு தேடிய புதுவைத் தமிழர்

இந்தச் சமயத்தில்தான் புதுவையில் பிறந்த ஒரு தமிழர் முன்வந்தார். அவர் பெயர் முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் அவர் அலுவல் பார்த்தார். கும்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-ல் எல்லிஸ் துரையின் முயற்சியால் ஏற்பட்ட கல்லூரி அது. திருக்குறளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் எல்லிஸ். வீரமாமுனிவரின் நூல்களைத் திரட்டிவரும்படி 1816-ல் முத்துசாமிப் பிள்ளையைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார்.

ரயில் இல்லாத காலம். கட்டைவண்டியிலும் கால்நடையிலும்தான் பயணம். முனிவர் நடமாடிய ஊர்களில் விசாரித்து, ஏடுகளைச் சேகரித்ததோடு, முதியவர்கள் வாயிலாக அவரைப் பற்றிய செய்திகளையும் பிள்ளை கேட்டறிந்தார். 1822-ல் முனிவரின் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். பட்டு அங்கி தரித்துப் பல்லக்கில் சென்றார், சந்தா சாகிப்பிடம் திவானாகவே இருந்தார் என்பன போன்ற கதைகள் அதன் வழியே பரவின. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இவற்றில் பலவற்றுக்குச் சான்று இல்லை என்று ஒதுக்கினார்கள். அதனால் பிள்ளையின் தொண்டு குறைந்துவிடாது. கேட்டதை அவர் எழுதி வைத்திராவிட்டால், ஆராய்ந்து தள்ளுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிராது.

1824-ல் சதுரகராதி சென்னையில் அச்சேறியது. முனிவர் எழுதி முடித்து 92 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் தமிழில் அகராதி செய்ய எழுந்தவர்கள் அனைவருக்கும் அது வழிகாட்டியாயிற்று. 

தேம்பாவணிக்கு அச்சு வாகனம் தந்த பெருமை புதுவைக்கே உரியது. இயேசு சபை கலைக்கப்பட்டபின் 1776-ல் புதுவை மிஷனை ஏற்றுக்கொண்டவர்கள் பாரிஸ் அந்நிய வேத போதக சபையினர். அவர்களது அச்சுக்கூடத்தில் 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாகத் தேம்பாவணி வெளிவந்தது. ஒரு சபையைச் சேர்ந்த முனிவரின் காவியத்தை மற்றொரு சபையினர் போற்றி அச்சிட்டார்கள். அதே அச்சுக்கூடத்திலிருந்து முசே, துய்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ் - பிரெஞ்சு அகராதியின் முதற்பாகம் 1855-லும் இரண்டாம் பாகம் 1862-லும் வந்தன.

அகராதிக்கும் புதுவைக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1761-ல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். வேப்பேரியில் இருந்த பப்ரீசியஸ் பாதிரியாரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அப்படித் தொடங்கி வளர்ந்த வேப்பேரி அச்சகத்தில்தான் 1779-ல் அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி வெளியாயிற்று.

லண்டனிலும் அதே எண்ணம்

அந்த 1779-ல்தான் லண்டனில் பீட்டர் மார்க் ரோஜெட் பிறந்தார். தொழிலால் வைத்தியரான அவர், 1805-ல் தம் சொந்த உபயோகத்துக்காக ஆங்கிலச் சொற்களைக் கருத்து வாரியாகப் பிரித்து ஒரு பட்டியல் எழுதினார். ஓய்வு பெற்றபின் அதை விரித்து, ஆயிரம் தலைப்புகளில் தெஸாரஸ் என்ற பெயரில் வெளியிட்டார். வெளியான ஆண்டு 1852. புதுவையில் தேம்பாவணி அச்சாகிக் கொண்டிருந்த அதே வேளை! சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்த நூல்களில் தமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது நம் நாட்டு அமரகோசமே என்று ரோஜெட் தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். திவாகரமும் சதுரகராதியும் அவர் கண்ணில் பட்டிருந்தால் இன்னும் வியந்திருப்பார்.

ஆங்கிலச் சொல்வளம் பெருக்க விரும்பும் நம் மாணவர்களுக்கு முனிவரின் நான்கு வாசல்களும் இன்றும் திறந்தே இருக்கின்றன. ஸ்பிரிங் என்ற சொல் வசந்தமும் ஆகும், ஊற்றும் ஆகும், சுருள்வில்லும் ஆகும், துள்ளலும் ஆகும், இது பெயரகராதி. நடப்பது என்ற ஒரே செயலை உலாவினால் ஸ்டிரோல், களைத்துக் கால் இழுபட நடந்தால் டிரட்ஜ், நொண்டினால் லிம்ப், எட்டி வைத்தால் ஸ்டிரைட் என்கிறான் ஆங்கிலேயன், இது பொருளகராதி. ஆட்டுக்கூட்டம் பிளாக், மாட்டுக்கூட்டம் ஹெர்ட், தேனீக்கூட்டம் ஸ்வார்ம் என்று சேர்த்துப் படித்தால் அது தொகை. பயாலஜி, ஜியாலஜி, சைக்காலஜி என்று ஈற்றோசை ஒத்தவற்றை ஒன்றாக வைத்தால் அது தொடை. தனியே வந்த சொல் தனியே போய்விடும். உறவினரோடு வந்த சொல் வீட்டில் தங்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓரினச் சொற்கள் என்பதால் எல்லாம் ஒரே சொல் ஆகிவிடா. அரும்பு, மொட்டு, மலர், வீ எல்லாம் பூவைக் குறிப்பவைதாம். ஆனால் அரும்பு மலராத பூ. வீ உதிர்ந்த பூ. மணமகளுக்கு வீயைச் சூட்டுவார் உண்டா? உலாவுகிறவனுக்கு டிரட்ஜ் என்ற சொல்லைப் போடுவதும் அப்படித்தான். கூட்டத்தைத் தெரிந்துகொள்வது பாதி. கூட்டத்துக்குள் ஆளை அடையாளம் காண்பது மறுபாதி.

1968-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுந்தது. அந்தச் சிலையைப் பார்க்கும்போது, அறிஞராக இறந்தவரை மட்டுமல்ல, முப்பது வயதில் ஒரு மாணவனாக ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி அரிச்சுவடி எழுதியவரையும் நினைத்துக்கொள்வது நல்லது. ஒரு மொழியின் சொற்கள் வசப்படவில்லையே என்று சோர்கிறவர்களுக்கு அந்த மாணவனின் நினைவே போதும். முப்பதில் அகரம் தொடங்கியவர் ஐம்பத்திரண்டில் அகராதியை முடித்துக் கொடுத்தார்.